சோற்றை நிறுத்தியும் நாயின் மணம் போகவில்லை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ரெக்ஸ் வீடு, உப்புவெளி

ரெக்ஸுக்கு நாலு வயது, நாட்டு நாய்க் கலப்பு. மாரி தொடங்கினால் கக்கமும் கால் விரலிடுக்கும் சிவந்து, காது சூடாகி, ஒரு மணம் வரும். நாய் வளர்ப்பவர்களுக்கு அந்த மணத்தை விளக்கத் தேவையில்லை. வெயிலில் மறந்துவிட்ட கள்ளு முட்டிதான். போன தையில் மச்சாள் வந்திருந்தபோது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள்.

இந்த மணம் தோலில் பெருகும் ஈஸ்ட் என்ற பங்கசால் வருவது, மாப்பொருள் கொடுத்தால் அதற்குத் தீனி போட்டது மாதிரி என்று எங்கேயோ வாசித்தேன். நியாயமாகத்தான் பட்டது. பள்ளிக்கூடத்தில் மதுவம் சீனிக் கரைசலில் நுரைத்ததைப் பார்த்தவர்கள்தானே நாங்கள். அன்றே சோறு, பாண் எல்லாம் நிறுத்தி, தினமும் கோழி அவித்து, எலும்பு பிரித்து, கையால் பிய்த்துக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் கக்கம் கறுத்துத் தடித்து யானைத் தோலாகிவிட்டது.

டொக்டர் செலோடேப் துண்டு ஒன்றைக் கக்கத்தில் ஒட்டி எடுத்து, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் நடு ஒடுங்கிய சின்னச் சின்ன உருவங்கள், கோது உடைக்காத கச்சான் போல. மலசீசியா என்றார், தோலில் வாழும் ஒரு வகை ஈஸ்ட். இது எல்லா நாயின் தோலிலும் கொஞ்சம் இருப்பதுதானாம், இவனில் ஏன் இவ்வளவு பெருகியது என்பதுதான் கேள்வியாம். கிழமைக்கு இரண்டு தரம் மருந்து ஷாம்பூ. அதோடு, ஏதாவது சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா என்று பார்க்க, இதுவரை அவன் வாயில் படாத ஒரு இறைச்சியும் ஒரு கிழங்கும் மட்டும் எட்டுக் கிழமைக்கு. வேறு ஒரு துணுக்கும் போகக்கூடாது.

எங்கள் வீட்டில் ரெக்ஸ் தின்னாத இறைச்சி பன்றி மட்டும்தான். பாலையூற்றுப் பக்கம் போய் வாங்கி வந்து, முருங்கைக்குக் கீழே பழைய பானையில் வற்றாளங்கிழங்கோடு அவித்தேன். மாமி அந்தப் பக்கமே வரவில்லை.

நான் எழுத வந்தது இதற்கில்லை. ஐந்தாவது கிழமை, காலை ஆறு மணி. விறாந்தையில் அப்பா. பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து, பால் தேத்தண்ணியில் தொட்டு, கதிரைக்குக் கீழே கையை நீட்டுகிறார். நாய் நாக்கை மட்டும் வெளியே விட்டுச் சத்தமில்லாமல் எடுக்கிறது. முதல் நாள் என்றால் அப்படி எடுக்கத் தெரியாது.

பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஏசினேன். "ஐந்து கிழமையை நாசமாக்கிட்டீங்களே அப்பா" என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு மிச்சப் பாதியைச் சோசரில் வைத்தார். அதை அவரும் சாப்பிடவில்லை. அடுத்த நாளிலிருந்து குசினிக்குள் நின்றபடியே தேத்தண்ணி குடிக்கிறார்.

எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி இப்போது மூன்றாவது கிழமை. மணம் முக்கால்வாசி போய்விட்டது. ஷாம்பூவாலா சாப்பாட்டாலா என்று பிரிக்கத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்.

திருக்கடலூர் பெடியன்

அக்கா, மீன் கொடுத்தால் தோல் மினுங்கும் என்று இனி யாராவது வந்து எழுதுவார்கள், அதற்கு முன் சொல்லிவிடுகிறேன். எங்கள் கறுப்பன் பிறந்ததிலிருந்து சூடை, கீரி, நெத்தலி, வலையில் மிஞ்சியது எல்லாம் தின்று வளர்ந்தவன். தோல் மினுங்கத்தான் செய்தது. காது மட்டும் வருடம் முழுக்க மண்ணிறப் பசை.

அவனைக் கடலிலிருந்து வெளியே எடுப்பதுதான் எங்களுக்கு வேலை. தோணி தள்ளும்போது கூடவே இறங்கி அலையில் முங்கி எழும்புவான். காது தொங்கல் காது, உள்ளே ஈரம் காயாது. அப்பிள் வினாகிரியைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும் என்று ஒரு வீடியோ. எங்கள் வீட்டில் இருந்தது சாதாரண வினாகிரி, அதுதான் இதுவும் என்று நினைத்தேன். காதுக்குள் சொறிந்து புண்ணாகியிருந்ததை நான் பார்க்கவில்லை.

ஊற்றியவுடன் அவன் கத்திய கத்து நாய் கத்துகிற மாதிரி இல்லை. என் கையைக் கவ்வி, பிறகு விட்டுவிட்டு, மதிலோரமாகத் தலையைத் தேய்த்துக்கொண்டே ஓடினான். கையில் இரண்டு பல்லடையாளம் இருக்கிறது, அது பரவாயில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நான் கிட்டப் போனால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவான்.

செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் எந்தத் திரவமும் உள்ளே போகக்கூடாது, முதலில் உள்ளே பார்த்துத்தான் மருந்து என்று பிறகுதான் சொன்னார்கள். பிறகு.

மண்வாசனை

எங்கள் ஜிம்மிக்கும் இருந்தது, நான் டொக்டரிடம் போகாமலே மாற்றினேன். வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் சோறு, பாண், ரொட்டி, இடியப்பம், பிஸ்கட், சீனி, பழம், கிழங்கு எல்லாம் நிறுத்த வேண்டும். கிழங்கும்தான், வற்றாளை இனிப்பு, அதைக் கொடுத்துக்கொண்டு ஈஸ்ட் போகவில்லை என்றால் எப்படிப் போகும்? காலையில் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், கடையில் விற்பது இல்லை, வீட்டில் காய்ச்சியது. பகல் சாப்பாட்டோடு எருமைத் தயிர். கிண்ணியாப் பக்கத்து முட்டித் தயிர் என்றால் திறம், பெட்டியில் வருவது சரிவராது. இரவு இரண்டு பல்லு உள்ளி நசுக்கி இறைச்சியோடு. உள்ளிதான் பங்கசுக்கு எதிரி. ஒரு சிட்டிகை மஞ்சள், அதில் மிளகு கொஞ்சம் சேர்க்காவிட்டால் மஞ்சள் வேலை செய்யாது. கிழமைக்கு ஒருநாள் வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்த்து, உடம்பு முழுக்கத் தேங்காயெண்ணெய் பூசி வெயிலில் கட்டிவிட வேண்டும். அமாவாசைக்கு முதல்நாள் தொடங்கினால் நல்லது, ஏன் என்று கேட்காதீர்கள், எங்கள் பெரியம்மா சொன்னது. மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். இடையில் நிறுத்தினால் திரும்ப வரும், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

ஷாம்பூ எல்லாம் காசு பிடுங்குகிற வேலை.

ஓர்ஸ்ஹில் அக்கா

மண்வாசனை ஐயா, உள்ளியை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். உள்ளி, வெங்காயம் இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தச்சோகையைக் கொண்டுவரும். தினமும் இரண்டு பல்லு என்பது சின்ன நாய்க்கு விளையாட்டில்லை.

எண்ணெய் பூசுவதும் அப்படித்தான். பாணுக்குப் போடும் ஈஸ்ட் வேறு, இது வேறு. இந்த மலசீசியா சீனியில் நுரைப்பதில்லை. நாய்த் தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வாழ்கிறது. உடம்பு முழுக்க எண்ணெய் பூசி வெயிலில் கட்டினால் யாருக்கு விருந்து என்று யோசியுங்கள். சோறு தின்றால் அந்தச் சீனி நேரே தோலுக்குப் போய் ஈஸ்டை வளர்க்கும் என்பதும் நிரூபிக்கப்பட்டது இல்லை. சாப்பாடு சம்பந்தப்படுவது பெரும்பாலும் ஒவ்வாமை வழியாக. நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாதவற்றில் முன்னுக்கு நிற்பவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. அரிசி அந்த வரிசையில் மிகவும் பின்னுக்கு. உப்புவெளித் தங்கச்சி சோற்றை நிறுத்திக் கோழியைக் கூட்டியதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு திக் என்றது, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்வேன்.

எங்கள் கதை வேறு. ஷீபா, லாப்ரடோர், எட்டு வயது. தோல் கறுத்து அதே மணம். ஒன்றரை வருடம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டே இருந்தேன். மீன் மட்டும், ஆடு மட்டும், வெளிநாட்டுப் பை ஒன்று மட்டும். நாய் கொழுத்தது, நான் மெலிந்தேன். கடைசியில் வான் பிடித்துப் பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று வழியெல்லாம் வாந்தி. நான் சாப்பாட்டுக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன், என்றைக்கு என்ன கொடுத்தேன் என்று பத்தி பிரித்து எழுதிய கொப்பி. அங்கே இருந்த இளம் டொக்டர் பிள்ளை அதைத் திறக்கவே இல்லை. ஷீபாவின் வாலைத் தூக்கிப் பார்த்தாள். மயிர் கொட்டி எலி வால் மாதிரி இருந்தது. நான் தினமும் பார்த்த வால்தான். "நிறையப் படுத்தே கிடப்பாளா அன்ரி?" என்று கேட்டாள். இரத்தம் எடுத்தார்கள். தைரொயிட் குறைவு.

தினமும் குளிசை, இப்போது நல்லாயிருக்கிறாள். கொப்பி அலுமாரியில் இருக்கிறது, எறிய மனம் வரவில்லை.

மண்வாசனை

எங்கள் ஜிம்மிக்கு ஒன்றும் ஆகவில்லையே. பெரியம்மா காலத்தில் எந்த நாய் ஷாம்பூ போட்டது?

திருக்கடலூர் பெடியன்

பெரியம்மா காலத்து நாய் எத்தனை வருடம் இருந்தது ஐயா? எங்கள் வீட்டில் ஆறு வருடம் இருந்தால் பெரிய விசயம்.

சீனக்குடா

எங்களது வெள்ளைப் பொமரேனியன். முன்னங்கால் இரண்டும் துருப்பிடித்த மாதிரி செம்மண் நிறம், நக்கி நக்கி எச்சில் ஊறியது. நக்காமல் இருக்க மகனின் சொக்ஸை மாட்டிவிட்டேன். காலையில் கால் இருந்தது, சொக்ஸ் இல்லை. இரண்டு நாள் தோட்டத்தில் அவன் பின்னாலேயே திரிந்தேன், எப்போது வெளியே வரும் என்று. வந்தது, முழுசாக. சாப்பாட்டு மாற்றம் அதற்குப் பிறகுதான் யோசித்தோம். கடைசியில் பார்த்தால் தெள்ளு. தெள்ளுக்கு மாதாமாதம் மருந்து போட்டதும் பாதி சரி. இறைச்சியை மாற்ற முதல் மயிரை விலக்கி அடி முதுகைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்வது.

கோணமலை

இது ஈஸ்ட் என்று எல்லோரும் முடிவெடுத்துக்கொண்டு கதைக்கிறீர்கள். நான் கோயில் ஏறும் வழியில் ஒரு தெருநாய்க்குத் தயிர்சோறு வைத்துக்கொண்டிருந்தேன், சொறி ஆறட்டும் என்று. கையில் தூக்கியும் இருக்கிறேன். மூன்றாம் கிழமை என் முழங்கைக்கு உட்பக்கம் இரவில் தூங்கவிடாத அரிப்பு. அது சிரங்குப் பூச்சி, மனிதருக்கும் தொற்றும். தோலைச் சுரண்டிப் பார்க்காமல் நாயின் வியாதிக்குப் பெயர் வைக்காதீர்கள். நாய்க்கும் மருந்து கிடைத்தது, இப்போது மயிர் வளர்ந்து என்னையே அடையாளம் தெரியாத மாதிரிப் போகிறது.

ரெக்ஸ் வீடு, உப்புவெளி

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஷாம்பூ பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியும் மைக்கோனசோல் என்ற பங்கசு மருந்தும் தலா இரண்டு சதவீதம் சேர்ந்தது. நுரையோடு பத்து நிமிடம் விடவேண்டும், உடனே கழுவினால் காசுதான் கழுவுப்படும். பத்து நிமிடம் ஈர நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால் தெரியும். பிறகு விரலிடுக்கெல்லாம் துவாயால் ஒற்ற வேண்டும். பன்றியும் கிழங்கும் சோதனைக்கு மட்டும். காலம் முழுக்க அதையே கொடுத்தால் கல்சியம் முதல் எல்லாம் குறையும் என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார்.

எட்டுக் கிழமை முடிந்தது. மணம் இல்லை. கக்கத்தில் பழைய தோல் உரிந்து புது மயிர் வந்திருக்கிறது. ஷாம்பூவைப் பத்து நாளுக்கு ஒன்றாகக் குறைத்தும் திரும்பவில்லை. இப்போது கச்சான் காற்றுக் காலம், எல்லாமே காய்ந்து கிடக்கிறது. மாரி வந்தால்தான் முழுக்கத் தெரியும்.

அடுத்தது திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது. அந்தப் பகுதியைத்தான் நிறையப் பேர் செய்வதில்லையாம், சுகமாகிவிட்டதே என்று விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு சாப்பாடாக, ஒன்றுக்கு இரண்டு கிழமை. முதலில் எதைக் கொடுப்பது என்று டொக்டர் என்னிடமே விட்டார். நான் பிஸ்கட் என்றேன். கோதுமையும் பாலும் அதில் இருக்கிறது, அதுதான் குற்றவாளி என்று எனக்கு நிச்சயம். அப்பாவுக்கும் காட்டிவிடலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது, மறைக்கவில்லை.

காலையில் குசினிக்குப் போய், "அப்பா, விறாந்தைக்கு வாங்கோ, இன்றைக்கு நீங்களே குடுங்கோ" என்றேன். பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்து, "இப்ப குடுக்கலாமா பிள்ளை?" என்று கேட்டார். வகுப்பில் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்கிற பிள்ளை மாதிரி. எழுபத்தாறு வயது. நான் துவாய் எடுக்கிற சாட்டில் உள்ளே போய்விட்டேன்.

பதினாலு நாள் பிஸ்கட். ஒன்றுமில்லை. காதில்லை, காலில்லை, கக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லை.

பிறகு கோழி. நாலாம் இரவு, இரண்டு மணி இருக்கும், விறாந்தையில் சளக் சளக் என்ற சத்தம். அந்தச் சத்தத்தை எந்த நித்திரையிலும் எனக்குத் தெரியும். டோர்ச் அடித்தால் முன்னங்காலை வாய்க்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். விரலிடுக்கு இரத்தச் சிவப்பு. காதை முகர்ந்தேன், கள்ளு முட்டி.

இரண்டு மாதம் தோலுரித்து, எலும்பு பிரித்து, பிய்த்துப் பிய்த்து ஊட்டியது நான்தான்.

காலையில் அப்பாவிடம் சொன்னேன், பிஸ்கட் இல்லை அப்பா, கோழிதான் என்று. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"அப்ப கோழிக்கு ஆர் ஏசுறது?"