புதுப்பிப்பு: ஹால்ஸ்டாட் கோயிலுக்குப் போய் வந்தாச்சு

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில், ஏரிக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு முட்டிவலிக்கார அம்மாவை அழைத்துப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போகலாம். படிகள் செங்குத்துதான், நின்று நின்று ஏறினால் சமாளித்துவிடலாம். படங்களில் ஏரிக்கரையை ஒட்டித் தெரியும் கூர்கோபுரம் இதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, அது லூத்தரன் கோயில்.

உள்ளே சிற்பி லியோன்ஹார்ட் ஆஸ்ட்ல் செய்த சிறகுப் பீடம் (இருபக்கமும் கதவுபோல் திறந்து மூடும் பலகைகள் உள்ள பலிபீடம்), 16ஆம் நூற்றாண்டின் தொடக்க வேலை. நடுவில் மாதா, இருபுறமும் புனித பார்பராவும் கேத்தரினும். பார்பரா சுரங்கத் தொழிலாளர்களின் காவலர். உப்புச் சுரங்க ஊரில் அவர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

அப்புறம் எல்லோரும் கேட்ட எலும்பு வீடு. கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாததால் பழைய குழிகளைத் தோண்டி, மண்டையோடுகளை வெயிலில் வெளுக்க வைத்து இங்கே அடுக்கினார்கள். சுமார் 1,200 இருக்கின்றன. அவற்றில் 600க்கு மேல் வண்ணம் தீட்டியவை. நெற்றியில் பெயர், பூ, இலைமாலை. கடைசியாக 1995இல் வைத்த பெண்ணின் மண்டையோட்டில் தங்கப் பல் மின்னுகிறது. பயமுறுத்தும் இடம் என்று சொல்லமாட்டேன். அம்மா ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

எலும்பு வீட்டுக்குக் கட்டணம் உண்டு. ரயிலில் வருபவர்கள் எதிர்க்கரையில் இறங்கிப் படகில்தான் வரவேண்டும். திரும்பும் படகு நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.