கஞ்சிக்கோடு – சென்னை ஸ்டோரேஜ் லைன்: 100 எடுத்தும் 26-க்கு மேல் ஏறவில்லை

வாளையார்க்காரன்:
பாலக்காடு கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேக்டரி, ஐடி பார்ப்பது நானும் ஒரு சேட்டனும்தான். இங்குள்ள ஃபைபர் சேனல் ஸ்டோரேஜை (சர்வர்களை டிஸ்க்கோடு இணைக்கும் தனி நெட்வொர்க்) எஃப்சிஐபி டனல் போட்டு, அதாவது அந்த ட்ராஃபிக்கை ஐபி லைனுக்குள் பொதிந்து, சென்னை டிஆரோடு (இங்கே ஏதாவது ஆனால் கைகொடுக்கும் மாற்று சென்டர்) இணைத்திருக்கிறோம். லைன் 100 எம்பிபிஎஸ், பிங் (போய்த் திரும்பும் நேரம்) 20 மில்லிசெகண்ட். ரெப்ளிகேஷன் (டேட்டாவை அங்கே நகலெடுப்பது) 26-ல் நின்றுவிடுகிறது, நடுராத்திரியிலும் அதேதான். லைன்காரர்கள் டெஸ்ட் போட்டால் மட்டும் 95 காட்டுகிறது! இன்னொரு கூத்து, போன வாரம் ரோடு தோண்டியதில் லைன் விட்டுவிட்டு வந்தபோது, சென்னைக்குச் சம்பந்தமே இல்லாத இங்குள்ள சர்வர்களும் டிஸ்க் தெரியாமல் தடுமாறின. 200-க்கு மாற்று என்று மேனேஜர் நிற்கிறார். மாற்றலாமா?

பழைய சுவிட்ச்:
வேண்டாம் சார், காசு வீண். 64 கேபி டிசிபி விண்டோவை (பதில் வராமலே அனுப்பக்கூடிய அளவு) 20 மில்லிசெகண்டால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே 26 வரும். 64 கேபி அனுப்பிவிட்டு, அங்கிருந்து 'வந்துவிட்டது' என்று பதில் வரும்வரை உங்கள் பெட்டி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, ரோட்டை அகலப்படுத்தி என்ன பிரயோஜனம்? 100 நிரம்ப வேண்டுமென்றால் எந்நேரமும் 250 கேபி வழியில் இருக்க வேண்டும். அவர்கள் ஒரே நேரத்தில் பல இணைப்பு திறந்து டெஸ்ட் எடுத்திருப்பார்கள், அதனால்தான் 95. டனலில் விண்டோ அளவைப் பாருங்கள். அது பெரிதாகத்தான் இருக்கிறதென்றால் நடுவிலிருக்கும் ஃபயர்வால் மேல் சந்தேகப்படுங்கள், விண்டோ 64 கேபியைத் தாண்ட உதவும் விண்டோ ஸ்கேலிங்கைக் கழற்றிவிடும் ஃபயர்வால்கள் உண்டு. மாற்றியதும் டனலை இறக்கி ஏற்றுங்கள், ஸ்கேலிங் இணைப்பு தொடங்கும்போது மட்டும்தான் பேசி முடிவாகும். நான் இது தெரியாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

சித்தூர் தம்பி:
அண்ணா, சர்வர் தடுமாறியது வேறு கதை. எஃப்சிஐபியை அப்படியே போட்டால் இரண்டு ஊர் சுவிட்சுகளும் ஒரே ஃபேப்ரிக் (ஸ்டோரேஜ் சுவிட்சுகள் சேர்ந்த ஒரே நெட்வொர்க்) ஆகிவிடும், லைன் போய் வரும்போதெல்லாம் அது பிரிந்து மறுபடி சேரும், அந்தக் கலவரம் உள்ளூர் வரை வரும். நடுவில் ரூட்டிங் வையுங்கள், இரண்டு ஃபேப்ரிக்கும் தனித்தனியாகவே இருக்கும்; சிஸ்கோவில் ஐவிஆர், ப்ரோகேடில் எஃப்சி ரூட்டிங் என்பார்கள். ரெப்ளிகேஷன் போர்ட்டுகள் மட்டும் ஒன்றையொன்று பார்த்தால் போதும்.

வாளையார்க்காரன்:
ஃபயர்வால்தான்! சரிசெய்து டனலை ஏற்றியதும் 88 போகிறது, சேட்டன் டீ வாங்கித் தந்தார். ரூட்டிங்குக்கு லைசென்ஸ் கேட்கிறது, பார்க்கணும். இப்போது மேனேஜர், வேகம் வந்துவிட்டதே, ரெப்ளிகேஷனை சிங்க் (சென்னையிலும் எழுதி முடிந்த பிறகே ரைட் முடிந்ததாகக் கணக்கு) ஆக்கலாமே என்கிறார்.

பழைய சுவிட்ச்:
கூடவே கூடாது. ஒவ்வொரு ரைட்டும் சென்னை போய்த் திரும்பணும், ஸ்கஸி (டிஸ்க்கோடு பேசும் முறை) ரைட்டில் சாதாரணமாக இரண்டு தடவை, அதாவது 40 மில்லிசெகண்ட். ரைட் ஆக்சலரேஷன் போட்டால் ஒன்றாகும், அப்போதும் 20. ஈஆர்பி (கம்பெனி வேலைகளை நடத்தும் சாஃப்ட்வேர்) படுத்துவிடும். ஏசிங்கிலேயே (இங்கே எழுதிவிட்டு, அங்கே பிறகு அனுப்புவது) விடுங்கள். அப்புறம், ஃபைபரில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட்தான், 600 கிலோமீட்டர் போய்வர 6 மில்லிசெகண்ட் போதும். உங்களுக்கு 20 ஏன்? லைன் எந்த ஊரெல்லாம் சுற்றிப் போகிறது என்று கேளுங்கள்.