இழுவைச் சோதனைக்குப் பொருந்தும் மூனி–ரிவ்லின், டயாஃப்ரம் உப்பும்போது ஏன் நின்றுவிடுகிறது?

வால்வுப்பட்டறை:
வணக்கம். வட்டமான ரப்பர் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) ஒன்றை ஃபைனைட் எலிமென்ட் முறையில், அதாவது சின்னத் துண்டுகளின் வலையாகப் (மெஷ்) பிரித்து, கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். விளிம்பு இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும், கீழிருந்து காற்றழுத்தம். கார்பன் பிளாக் கலந்த இயற்கை ரப்பர், கடினத்தன்மை ஷோர் ஏ 60. டம்பெல் துண்டை நீட்சி விகிதம் (இழுத்த நீளம் ÷ ஆரம்ப நீளம்) 3 வரை இழுத்த சோதனை மட்டும்தான் கையில் இருக்கிறது. அதற்கு ரப்பரின் தகைவையும் நீட்சியையும் இணைக்கும் இரண்டு மாறிலி மூனி–ரிவ்லின் மாதிரியைப் பொருத்தியதில் சி10 = 0.62, சி01 = −0.15 மெகாபாஸ்கல் என்று வந்தது. கோடு சோதனைப் புள்ளிகளோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

ஆனால் டயாஃப்ரத்தின் நடுவில் நீட்சி விகிதம் 1.4-ஐ நெருங்கியதும் தீர்வு குவியாமல் நின்றுவிடுகிறது. மெஷ்ஷை நுணுக்கமாக்கிப் பார்த்தேன், அழுத்தத்தைச் சின்னச் சின்னப் படிகளாக ஏற்றியும் பார்த்தேன். அதே இடம்தான். இழுவையில் 3 வரை போகும் பொருள் இங்கே 1.4-இல் ஏன் நிற்க வேண்டும்?

சங்கிலிக்கண்ணி:
மெஷ்ஷை விட்டுவிடுங்கள். சி01-இன் குறியைப் பாருங்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஒரே திசையில் இழுக்கும்போது, ஆரம்பப் பரப்பை வைத்துக் கணக்கிடும் தகைவு மூனி–ரிவ்லினில் இப்படி வரும் (லாம்டா என்பது நீட்சி விகிதம்):

2 × (லாம்டா − 1/லாம்டா²) × (சி10 + சி01/லாம்டா)

லாம்டா பெரிதாகப் பெரிதாக சி01-இன் பங்கு தேய்ந்துபோகிறது. 3-இல் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அது எதிர்க்குறியாக இருந்தாலும் இழுவை வரைபடத்தில் ஒன்றும் தெரியாது. டயாஃப்ரத்தின் நடுப்பகுதி அப்படியில்லை. அங்கே ரப்பர் இரண்டு திசையிலும் சமமாக நீள்கிறது. அதற்கான சூத்திரம்:

2 × (லாம்டா − 1/லாம்டா⁵) × (சி10 + சி01 × லாம்டா²)

இங்கே சி01 லாம்டாவின் வர்க்கத்தால் பெருகுகிறது. உங்கள் எண்களைப் போட்டால் தகைவு 1.41 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும், 2.03-இல் பூஜ்யமே ஆகிவிடும். நீட்ட நீட்ட விசை குறைகிற ரப்பர்! அப்படி ஒரு பொருளைக் கொடுத்தால் எந்த மென்பொருளும் திணறத்தான் செய்யும்.

சி01 ஏன் எதிர்க்குறியானது? நீட்சி கூடும்போது ரப்பரின் சங்கிலிகள் தம் எல்லையை நெருங்கி, வரைபடம் மேல்நோக்கி வளைகிறது. இரண்டு மாறிலி மூனி–ரிவ்லினுக்கு அந்த வளைவைக் காட்ட வழியில்லை. மீச்சிறு வர்க்க முறை எப்படியாவது பொருத்தப் பார்த்து சி01-ஐக் கீழே தள்ளிவிடுகிறது. வரைபடம் அழகாகப் பொருந்துவதை மட்டும் பார்த்து மாறிலிகளை நம்புவது இந்தத் துறையில் ரொம்ப ஆபத்தான பழக்கம்.

வளைபரப்பு:
ஒரு சந்தேகம். பலூனிலும் இதே போன்ற இடம் உண்டு. நியோ-ஹூக்கியன் (சி01 இல்லாத எளிய மாதிரி) ரப்பரில் செய்த மெல்லிய கோளத்தை ஊதினால், லாம்டாவின் ஆறாம் அடுக்கு 7 ஆகும்போது, அதாவது 1.38-இல், அழுத்தம் உச்சம் தொட்டு இறங்கும். பொருளில் எந்தக் குறையும் இல்லாமலே இது நடக்கும். தடிமன் குறைவதும் ஆரம் கூடுவதும்தான் காரணம். இவருடைய 1.4 அதுவாக ஏன் இருக்கக் கூடாது? அப்படியானால் மாறிலிகளை மாற்றிப் பயனில்லை. அழுத்தத்துக்குப் பதில் உள்ளே போகும் கன அளவைக் கட்டுப்படுத்த வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் இறங்கும் பகுதியையும் பின்தொடரும் ரிக்ஸ் முறைக்குப் போக வேண்டும்.

சங்கிலிக்கண்ணி:
நல்ல கேள்வி. தட்டையாகத் தொடங்கும் டயாஃப்ரத்தில் அந்த உச்சம் கோளத்தை விடத் தள்ளித்தான் வரும். ஆனாலும் ஊகிக்க வேண்டாம், பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரே ஒரு எலிமென்ட் எடுத்து, அழுத்தமே இல்லாமல், இரண்டு திசையிலும் இடப்பெயர்ச்சி கொடுத்து இழுங்கள். அதிலும் விசை இறங்கினால் குறை பொருள் மாதிரியில்தான். அப்புறம் சி10 = 0.47, சி01 = 0 என்று வைத்து டயாஃப்ரத்தை ஓட்டுங்கள். ஆரம்ப ஷியர் மாடுலஸ் (சிறு உருமாற்றத்தில் ரப்பரின் விறைப்பு, 2 × (சி10 + சி01)) அதே 0.94 மெகாபாஸ்கல்தான்.

வால்வுப்பட்டறை:
இரண்டையும் செய்தேன். ஒற்றை எலிமென்ட்டில் 1.4 தாண்டியதும் விசை இறங்குகிறது. நியோ-ஹூக்கியனோடு டயாஃப்ரம் அந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்துவிட்டது. ஆனால் அது 3 அருகே என் சோதனைத் தரவுக்குக் கீழே போகிறது. இரு திசை இழுவைக் கருவி எங்களிடம் இல்லை. வேறு வழி இருக்கிறதா சார்?

சங்கிலிக்கண்ணி:
இருக்கிறது. யோ மாதிரியை முயன்று பாருங்கள். அது முதல் மாறாமதிப்பை (மூன்று திசை நீட்சி விகிதங்களின் வர்க்கங்களின் கூட்டல்) மட்டும் நம்பும் மூன்று உறுப்புக் கோவை, மேல்நோக்கிய வளைவையும் காட்டும். கார்பன் பிளாக் கலந்த ரப்பருக்கு, இழுவைத் தரவு மட்டுமே இருக்கும்போது, நான் முதலில் எடுப்பது அதைத்தான். அதன் இரண்டாம் மாறிலி சி20 எதிர்க்குறியாக வந்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான். மூன்றாவதான சி30 நேர்க்குறியாக இருக்க வேண்டும். ஒற்றை எலிமென்ட் சோதனையை மறுபடியும் ஓட்டிப் பாருங்கள்.

இரு திசைத் தரவுக்குக் கருவி வேண்டியதில்லை. ரப்பரின் கன அளவு கிட்டத்தட்ட மாறுவதே இல்லை என்பதால், உருளைத் துண்டை அமுக்குவதும் தாளை இரு திசையில் இழுப்பதும் ஒரே உருமாற்றம்தான். இரு திசையில் 1.4 என்பது அமுக்கலில் 1/1.96, அதாவது உயரம் ஏறக்குறைய பாதியாவது. அமுக்கல் விகிதத்தின் ஒன்றரை அடுக்கால் அமுக்கல் தகைவைப் பெருக்கினால் இரு திசைத் தகைவு கிடைத்துவிடும், இரண்டுமே ஆரம்பப் பரப்பில். தட்டுகளில் சிலிகான் எண்ணெய் தாராளமாகத் தடவுங்கள். துண்டு பீப்பாய் மாதிரி நடுவில் பிதுங்கினால் உராய்வு இருக்கிறது, அந்தத் தரவு வேண்டாம்.

வளைபரப்பு:
இன்னொன்று. அந்த இழுவை வரைபடம் புதுத் துண்டின் முதல் இழுப்பா? கார்பன் பிளாக் ரப்பர் ஒருமுறை நீண்டபின் மென்மையாகிவிடும், முல்லின்ஸ் விளைவு. வால்வு திரும்பத் திரும்ப இயங்கும் என்றால், அது சந்திக்கும் அதிகபட்ச நீட்சி வரை சில சுற்று இழுத்துவிட்டு, நிலைத்த சுற்றின் தரவைப் பொருத்துங்கள். எதற்கும் உங்கள் பொருத்தும் நிரலை 1944-இல் டிரெலோர் வெளியிட்ட தரவில் ஓட்டிப் பாருங்கள். ஒற்றை அச்சு, இரு அச்சு, தூய ஷியர் மூன்றும் ஒரே ரப்பரில் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் பொருத்திவிட்டு மற்ற இரண்டையும் அது எப்படிக் கணிக்கிறது என்று கவனியுங்கள்.

வால்வுப்பட்டறை:
யோ வேலை செய்கிறது. நடுவில் 1.7 வரை தடையில்லாமல் போகிறது. எண்ணெய் தடவி அமுக்கல் சோதனையும் செய்தாயிற்று. யோவின் கணிப்பு அந்தப் புள்ளிகளுக்குக் கொஞ்சம் கீழே விழுகிறது.

சங்கிலிக்கண்ணி:
இழுவையை மட்டும் வைத்துப் பொருத்திய யோ இரு திசையில் அப்படிக் கீழே விழுவது வழக்கம்தான். இப்போது இரண்டு தரவும் இருக்கிறதே, 1.7 வரையிலான பகுதிக்கு அதிக எடை கொடுத்து இரண்டையும் சேர்த்துப் பொருத்துங்கள். டயாஃப்ரம் போகாத 3 வரை துல்லியம் தேவையில்லை. அப்படியும் இடைவெளி இருந்தால் ஆக்டன் மாதிரியில் (நீட்சி விகிதங்களின் அடுக்குகளால் ஆனது) இரண்டு உறுப்பு போதும். எலிமென்ட் வகை ஹைப்ரிட்தானே (கன அளவு மாறாத பொருளுக்காக அழுத்தத்தைத் தனியாகக் கணக்கிடும் வகை) என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.