நூலகப் பக்கத்தில் நம் முகம், நம் எண், நம் புத்தகம்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை வாசகி:

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் முகநூல் பக்கத்தையும் வாட்ஸ்அப் குழுவையும் பார்த்துக்கொள்ளும் வாசகர் வட்டத்தில் நானும் இருக்கிறேன். புதிதாக வந்த புத்தகங்களின் அட்டைப்படம் போடுவது, நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் நூலக வார விழாவுக்கு அழைப்பு அனுப்புவது, "இன்னிக்கு லைப்ரரி உண்டா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, இவைதான் வேலை. இதனால் நூலகத்துக்கு நல்லதே நடந்திருக்கிறது. பக்கத்தைப் பார்த்துப் புரவலர்கள் சேர்ந்தார்கள். வருடக்கணக்காக அந்தத் தெருவில் போய்வந்தும் உள்ளே நுழையாதவர்கள் வந்து உறுப்பினர் ஆனார்கள். ஆகவே சமூக ஊடகமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு பெண் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, ரீடிங் ஹால் போட்டோல நான் இருக்கேன். அதை எடுத்துட முடியுமா?" என்றார். வாசிப்பு அறை நிரம்பியிருப்பதைக் காட்ட ஒரு தன்னார்வலர் எடுத்த படம் அது. அந்தப் பெண் தேர்வுக்குப் படிப்பது புகுந்த வீட்டில் தெரியாது. தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் இங்கே வருகிறார். நாத்தனார் கண்ணில் அந்தப் படம் பட்டால் மறுநாள் முதல் படிப்பு இல்லை. உடனே எடுத்துவிட்டோம். ஆனால் அதற்குள் ஊர்க் குழு ஒன்றில் யாரோ பகிர்ந்திருந்தார்கள். அங்கிருந்து எங்கெல்லாம் போனதோ, யாருக்குத் தெரியும்?

சின்ன ஊரில் ஒரு பெண் எதையும் வாங்காமல், யாருக்கும் காரணம் சொல்லாமல், அரை நாள் உட்கார்ந்திருக்கக்கூடிய இடம் வேறு எது இருக்கிறது? கோயில் உண்டு, ஆனால் அங்கே பார்ப்பவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். நூலகத்தில்தான் "ஏன் வந்தே?" என்ற கேள்வி கிடையாது. நாம் போடும் ஒரு படம் அந்த இடத்தை அவரிடமிருந்து பறித்துவிடும் என்றால், அந்தப் படத்துக்கு எத்தனை விருப்பக்குறி விழுந்து என்ன?

"படம் வேண்டாதவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று அறையில் அறிவிக்கலாம் என்றார் ஒரு நண்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாருக்கு மறைவு அதிகம் தேவையோ அவர்தான் எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கத் தயங்குவார். இப்போது நூலகம் திறப்பதற்கு முன் அலமாரிகளைப் படம் எடுக்கிறோம். கூட்டம் என்றால் பின்வரிசையிலிருந்து, மேடையில் பேசுபவர் மட்டும் தெரிகிற மாதிரி எடுக்கிறோம். பார்க்க அவ்வளவு விறுவிறுப்பாக இருக்காதுதான், பரவாயில்லை.

உங்கள் ஊர் நூலகங்களில் எப்படி? வாசகராகவோ நூலகராகவோ பட்டதைச் சொல்லுங்கள். நூலகத்தின் பெயர், ஆட்களின் பெயர் மட்டும் வேண்டாம்.

தென்பாண்டி:

எனக்கு நடந்தது படம் அல்ல, பட்டியல். எங்கள் நூலகக் குழுவில் தவணை கடந்த நூல்களின் விவரத்தை ஒரு நாள் போட்டார்கள். பதிவேட்டின் பக்கத்தை அப்படியே கைபேசியில் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். பெயர், உறுப்பினர் எண், போன் நம்பர், எடுத்த புத்தகம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. என் பெயருக்கு நேரே குடும்ப நீதிமன்ற வழக்குகள் பற்றிய ஒரு சட்ட நூல் இருந்தது. நான் பிரிந்துபோக யோசிக்கிறேன் என்பது அப்போது என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

எங்கள் தெருவிலிருந்தே ஏழெட்டுப் பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து "வீட்ல எல்லாம் சரியாதானே இருக்கு?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். நான் தோழிக்காக எடுத்ததாகச் சொல்லிச் சமாளித்தேன். புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

இன்னும் அந்த நூலகத்துக்குப் போகிறேன். நாவல், சிறுகதை என்றால் பதிவு செய்து எடுப்பேன். சட்டம், உடல்நலம், மனநலம் என்றால் அங்கேயே நின்று புரட்டிவிட்டு வைத்துவிடுவேன். எனக்கு மிகவும் தேவைப்படுகிற புத்தகங்களைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. இந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இன்னொன்று. அந்தக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் இரவு 11 மணிக்கு "நீங்களும் வாசகியா?" என்று தனிச்செய்தி அனுப்ப ஆரம்பித்தார். அவரைத் தடுத்துவிட்டேன். என்னோடு வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவி அதே காரணத்தால் குழுவை விட்டே போய்விட்டாள். இப்போது கூட்ட அறிவிப்புகள் அவளுக்குத் தெரிவதில்லை.

பழைய அட்டை:

தென்பாண்டி, படித்ததும் மனது சங்கடப்பட்டது அம்மா. நான் ஓய்வு பெற்ற நூலகர். எங்கள் காலத்தில் கணினி கிடையாது. ஆனால் இந்த விஷயத்தில் பழைய முறை இன்றைக்கு இருப்பதைவிட நல்ல முறை. இளைஞர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

பிரௌன் முறை என்று சொல்வோம். அமெரிக்க நூலகர் நைனா பிரௌன் 1895-ல் கொண்டுவந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சின்ன அட்டை இருக்கும். வாசகரிடம் பை மாதிரி தைத்த டிக்கெட் இருக்கும், ஒரு புத்தகத்துக்கு ஒரு டிக்கெட். புத்தகம் எடுக்கும்போது அட்டையை உருவி அவர் டிக்கெட்டுக்குள் செருகி, தேதி வாரியாகத் தட்டில் அடுக்கிவிடுவோம். திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்குப் போகும், டிக்கெட் வாசகர் கைக்குப் போகும். அவ்வளவுதான். யார் எந்தப் புத்தகத்தைப் படித்தார் என்பதற்கு நூலகத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சாது. யாராவது வந்து "அவர் என்னென்ன படிக்கிறார்?" என்று கேட்டால் "தெரியாது" என்பது பொய் இல்லாத பதில்.

தவணை கடந்தால் அஞ்சலட்டை போடுவோம். அஞ்சலட்டையைத் தபால்காரர் முதல் மாமியார் வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் இல்லையா? அதனால் நான் புத்தகத்தின் பெயரை எழுதமாட்டேன். "தாங்கள் எடுத்த நூல், பதிவு எண் இன்னது" என்றுதான் எழுதுவேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் அப்படித்தான் எழுதினார். இன்றைய வாட்ஸ்அப் குழு என்பது தெரு முழுக்கப் போய்ச் சேரும் அஞ்சலட்டை. அன்றைக்கு இருந்த கவனம் இதற்கும் வேண்டும்.

கல்லூரி நூலகம்:

ஐயா சொன்ன அந்த வசதி கணினியிலும் இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். நம் கல்லூரிகளில் நிறைய இடங்களில் கோஹா என்ற நூலக மென்பொருள்தான் ஓடுகிறது. அதில் ஒவ்வொரு உறுப்பினரின் வாசிப்பு வரலாற்றையும் என்றென்றும் வைத்திருக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு நீக்கலாம், அல்லது புத்தகம் திரும்பியதுமே பெயரை அகற்றிவிடலாம். பெயரை அகற்றினாலும் எத்தனை தடவை அந்தப் புத்தகம் வெளியே போனது என்ற கணக்கு இருக்கும். நிர்வாகத்துக்குக் காட்ட அது போதும்.

இதை நான் ஏன் தேடிப் படித்தேன் என்றால், எங்கள் நூலகத்துக்கு இன்ஸ்டாகிராம் தொடங்கியபோது "மாதத்தின் சிறந்த வாசகர்" என்று ஒரு திட்டம் வந்தது. அதிகம் எடுத்த மாணவரின் படம், துறை, அவர் எடுத்த நூல்களின் பட்டியல், எல்லாவற்றையும் போடவேண்டுமாம். முதல் மாதம் தேர்வான மாணவியிடம் முன்கூட்டியே பட்டியலைக் காட்டிக் கேட்டேன். விருது கிடைத்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. பட்டியலைப் பார்த்ததும் மாறிவிட்டது. "மேடம், பேர் போடுங்க. புக்ஸ் மட்டும் வேண்டாம்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையும் இல்லை.

அதற்குப் பதிலாக "இந்த மாதம் அதிகம் எடுக்கப்பட்ட 10 நூல்கள்" என்று போட ஆரம்பித்தோம். யார் பெயரும் இல்லை. மாணவர்கள் "அந்த 3-வது புத்தகம் இருக்கா?" என்று கேட்டு வருகிறார்கள். நாங்கள் எதிர்பார்த்தது இதைத்தானே? ஒரு எச்சரிக்கை மட்டும். 12 பேர் படிக்கும் துறையின் பெயரைப் போட்டு "இந்தத் துறையில் அதிகம் படித்த நூல்" என்றால் பெயர் போட்ட மாதிரிதான். சின்னக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டக்கூடாது.

கருத்துப் பெட்டியையும் சொல்லவேண்டும். "என் உறுப்பினர் எண் இது, இந்தப் புத்தகத்தைப் புதுப்பித்துக் கொடுங்கள்" என்று மாணவர்கள் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே எழுதிவிடுவார்கள். நாங்கள் அங்கே பதில் எழுதுவதில்லை. கருத்தை மறைத்துவிட்டு அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு முடித்துக்கொடுக்கிறோம்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:

கோடை முகாம் முடிந்து நூலகப் பக்கத்தில் என் மகளின் படம் வந்தது. கீழே முழுப் பெயர், பள்ளி, வகுப்பு, பிரிவு, நாங்கள் இருக்கும் நகர் பெயர்கூட இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது, ஒரு நிமிடம். அப்புறம் யோசித்தேன். தெரியாத ஒருவர் பள்ளி வாசலில் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட இது போதும். கேட்டுக்கொண்டதும் நூலகர் மாற்றிவிட்டார், நல்ல மனிதர். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. சட்டம் எந்த அலுவலகத்துக்கு எப்படிப் பொருந்தும் என்பதை வக்கீல்கள் பார்க்கட்டும். பிள்ளை வரைந்த ஓவியத்தைப் போடுங்கள், முதல் பெயரை மட்டும் போடுங்கள். அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் நிம்மதி.

பணியில் இருப்பவன்:

எல்லோரும் சொல்வது சரி. ஒரு நூலகரின் கஷ்டத்தையும் கேளுங்கள். நிகழ்ச்சி நடந்ததற்கு ஆதாரமாக மேலே படம் அனுப்பவேண்டும், அதுவும் இடமும் நேரமும் பதிந்த ஜியோ டேக் படம். எத்தனை பேர் வந்தார்கள் என்று முகம் தெரியவேண்டும். அந்தப் படத்தைத்தான் அவசரத்தில் முகநூலிலும் போட்டுவிடுகிறார்கள், இன்னொரு படம் எடுக்க யாருக்கு நேரம்? பல இடங்களில் ஒரே ஆள்தான் பூட்டைத் திறந்து, பெருக்கி, புத்தகம் கொடுத்து, பக்கத்தையும் நடத்துகிறார்.

நான் செய்வது இது. அறிக்கைக்கு ஒரு படம், அது அலுவலகத்துக்கு மட்டும். பக்கத்துக்கு வேறு படம், அதில் பதாகை, புத்தகங்கள், பேச்சாளர். இரண்டும் எடுக்கக் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும். அறிக்கைப் படத்தை அனுப்பியதும் என் சொந்தக் கைபேசியிலிருந்து அழித்துவிடுகிறேன்.

எடிசன் தமிழ்:

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பிள்ளைகளுக்காக நூலகத்தில் தமிழ்க் கதை நேரம் நடத்த உதவுகிறேன். இங்கே வாசகரின் பெயரோடு சேர்ந்த நூலகப் பதிவுகள் இரகசியம் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. வாசகரே கேட்டால், அல்லது நீதிமன்ற ஆணை வந்தால்தான் தருவார்கள், நூலகத்தின் அன்றாட வேலைக்கு வேண்டியது தவிர. முதல் நாளே நான் ஒரு படம் எடுக்கப் போனபோது நூலகர் மெதுவாக வந்து, படம் எடுக்க ஒப்புதல் படிவம் கொடுக்காத பிள்ளைகள் யார் என்று காட்டினார். அவர்களை ஒதுக்கி உட்காரவைக்கவில்லை. நாங்கள் எடுக்கும் கோணம்தான் மாறியது.

பெரிய நிறுவனங்களிடமும் இங்கே நூலகங்கள் பேசிப் பார்த்திருக்கின்றன. லிண்டா என்ற பயிற்சித் தளத்தை லிங்க்ட்இன் வாங்கியது. 2019-ல், இனி நூலக அட்டை வைத்திருப்பவர்களும் லிங்க்ட்இன் கணக்கு தொடங்கித்தான் பாடங்களைப் பார்க்கவேண்டும் என்று மாற்றப்போவதாக அறிவித்தது. அமெரிக்க நூலகச் சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. நூலகத்தில் ஒன்றைக் கற்றுக்கொள்ள வருபவர் தன் பெயரையும் வேலையையும் ஒரு சமூக வலைத்தளத்தில் எழுதிவைக்கவேண்டும் என்பது அநியாயம் என்பதுதான் வாதம். பின்னர் நூலக அட்டையை வைத்தே உள்ளே போகும் வழியை அந்த நிறுவனம் கொடுத்தது. கூட்டமாகக் கேட்டால் நடக்கிறது. தமிழ்நாட்டில் பொது நூலகங்கள் பெரும்பாலும் ஒரே துறையின் கீழ் இருக்கின்றன, சேர்ந்து கேட்பது இன்னும் சுலபம் இல்லையா?

காவிரிக்கரை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. தென்பாண்டி எழுதியதை வாசகர் வட்டக் கூட்டத்தில் ஊர், பெயர் இல்லாமல் வாசித்துக் காட்டினேன். தவணை கடந்தவர்களுக்கு இனி தனித்தனியாகத்தான் செய்தி போகும், அதில் புத்தகத்தின் பெயர் இருக்காது. பழைய அட்டை ஐயா சொன்ன பதிவு எண்ணை மட்டும் போடுகிறோம்.

குழுவை மூடிவிட்டு வாட்ஸ்அப் சேனலுக்கு மாறியிருக்கிறோம். அதில் பின்தொடர்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை, எண்ணும் தெரியாது. விவாதம் செய்ய முடியாதே என்று சிலருக்குக் குறை. நியாயமான குறைதான். விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு விவாதக் குழு இருக்கிறது. சேரும் முன் "உங்கள் எண் மற்றவர்களுக்குத் தெரியும்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறோம்.

இப்போது பக்கத்தின் பழைய ஆல்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொரோனாவுக்கு முந்தைய படங்கள் இன்னும் பாக்கி. அவற்றில் இருக்கும் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது, கேட்கவும் வழியில்லை. எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். ஊரின் நினைவு போய்விடும் என்று வட்டத்தில் இரண்டு பேர் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. அச்சுப்பிரதி எடுத்து நூலகத்திலேயே ஒரு ஆல்பமாக வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்து மட்டும் நீக்கலாமா என்று யோசிக்கிறோம். இப்படிச் செய்த நூலகம் எதையாவது உங்களுக்குத் தெரிந்தால், எப்படிச் செய்தார்கள் என்று எழுதுங்கள்.