வயரிங்கில் ‘பூர் வொர்க்மன்ஷிப்’: தமிழில் என்ன?

பயிற்றுநர்:
வணக்கம். வயரிங் செய்முறைத் தேர்வின் மதிப்பெண் தாளைத் தமிழாக்குகிறேன். நாளைக் காலை அச்சுக்குப் போக வேண்டும். ‘பூர் வொர்க்மன்ஷிப்’ என்ற தலைப்பில் வந்து நிற்கிறேன். அதன்கீழ் வருபவை: திருகை முடுக்காமல் விட்டது, காப்புறையை உரிக்கும்போது கம்பி இழைகளையும் வெட்டியது, உறையோடு சேர்த்துத் திருகுக்கடியில் நசுக்கியது, செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கிவிட்டது. ‘மோசமான வேலைத்திறன்’ என்று போட்டேன். ஒரு மாணவர், “திறன் இருக்கு சார், அன்னைக்கு அவசரம்” என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

இலக்கண ஆசிரியர்:
செய்வழு. வினைத்தொகை, நாலே எழுத்து. வழு (பிழை), வழாநிலை (பிழையின்மை), வழுவமைதி என்று நம் இலக்கணத்தில் அடுக்கு தயாராக இருக்கிறது. குறை உண்டு, ஆனாலும் ஏற்கலாம் என்ற கட்டத்துக்கு வழுவமைதி!

நிரலர்:
வழுவை, கணினி நிரல் எழுதும் நாங்கள் ‘பக்’குக்கு, அதாவது நிரல் பிழைக்கு, எடுத்துக்கொண்டு வெகுநாளாகிறது. செய்நேர்த்தி புழக்கத்தில் இருக்கிறதே. ‘செய்நேர்த்திக் குறை’ போதும்.

இலக்கண ஆசிரியர்:
வள்ளுவர் ‘செய்ந்நன்றி’ என்கிறார். அப்படியானால் செய்ந்நேர்த்தி அல்லவா?

நிரலர்:
ஒரு ‘ந்’ குறைந்தால் மின்கசிவு வராது ஐயா.

சொல்லாய்வு ஆர்வலர்:
புரை! ‘புரைதீர்ந்த நன்மை’ என்ற குறளில் புரை என்றால் குற்றம். உள்துளையும் புரைதான், புண் புரையோடுவதும் அதனால்தான். தளர்ந்த இணைப்பும் அப்படித்தானே, வெளியே பளபளப்பு, உள்ளே கருகல். ஆகவே ‘பணிப்புரை’.

நிரலர்:
‘அமைச்சர் பணிப்புரை விடுத்தார்’ என்று செய்தியில் வருமே, அதுவா?

சொல்லாய்வு ஆர்வலர்:
அது பணிப்பு + உரை. இது பணி + புரை. பிரித்துப் படித்தால் குழப்பமில்லை.

மின்பணியாளர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் வயர் இழுப்பவன். நாங்கள் ‘லூஸ் கனெக்ஷன்’ என்போம். மற்றதெல்லாம் ‘அரைகுறை வேலை’. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. லூஸான இடத்தில் தடை அரை ஓம் ஏறி, 10 ஆம்பியர் ஓடினால், அந்தத் திருகில் மட்டும் 50 வாட் வெப்பம். மின்னோட்டம் கூடுவதில்லை, அதனால் பிரேக்கர் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்காது. சாதாரண பிவிசி உறை தாங்குவது 70 டிகிரி செல்சியஸ். வயர் கோணலாகப் போனதற்கும் இதற்கும் ஒரே தலைப்பில் ஒரே மதிப்பெண்ணா?

பயிற்றுநர்:
ஐயோ, இதை யோசிக்கவே இல்லை. ‘தளர்விணைப்பு’ தனி வரி, தனி மதிப்பெண். அடைப்புக்குள் லூஸ் கனெக்ஷன். மற்றவை ‘செய்நேர்த்திக் குறை’. நள்ளிரவு தாண்டிவிட்டது. அனுப்புகிறேன்.

சொல்லாய்வு ஆர்வலர்:
அனுப்புங்கள். ஆனால் தளர்வு தொடக்கம்தான். அது கருகிய பிறகு அதற்குப் பெயர் என்ன? புரை.

இலக்கண ஆசிரியர்:
‘ந்’ போட்டீர்களா?