பொம்மைச் சிப்பாய் சந்தையில் மறக்க முடியாத ஆள் யார்? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஈயக்குதிரை, குன்னூர்

மே மாசம் குன்னூர்ல நடந்த சந்தைக்கு நம்ம ஆளுங்க பாதிப் பேர் வந்திருப்பீங்க. அதனால ஹால், மேசை, ஆறிப்போன டீ எல்லாத்தையும் விட்டுடுறேன். சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சிக் கூட்டம் மழைக்கு ஒதுங்கி உள்ள வந்துச்சே, அந்த ரெண்டாம் நாள் மத்தியானம்.

கோயமுத்தூர் வியாபாரி ஒருத்தர் கடைசி வரிசையில மேசை போட்டிருந்தார். அவர்கிட்ட பிரிட்டன்ஸ்ங்கிற லண்டன் பொம்மைக் கம்பெனி ஈயத்துல செஞ்ச மதராஸ் காலாட்படை அஞ்சு பேர் இருந்தாங்க. எட்டு இருக்க வேண்டிய செட்டு, பெட்டியும் இல்ல. ஆனா சிவப்புக் கோட்டு, தலைப்பாகை எல்லாம் அப்ப அடிச்ச பெயின்டு. காலையில இருந்து மூணு தடவ அந்த மேசையைச் சுத்திட்டேன். ஆசை முகத்துல தெரிஞ்சா ரேட்டு ஏறும்னு நமக்குத் தெரியாதா.

நாலாவது தடவ போறப்ப மங்கிக் குல்லா போட்ட ஒரு பெரியவர் அங்க நின்னாரு. வெலிங்டன் ஆளு, மதராஸ் ரெஜிமெண்ட்ல சுபேதாரா இருந்து ரிட்டயர் ஆனவராம். பேரப்பையன் கையைப் பிடிச்சிருந்தாரு. அஞ்சு பேரும் மேசையில கோணல்மாணலா நிக்கிறாங்க. அவரு யாரையும் கேக்கல. குனிஞ்சாரு. ஆள்காட்டி விரலால ஒவ்வொருத்தனையா மெதுவாத் தள்ளி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, வரிசைய நேராக்கினாரு. வாய்க்குள்ள "தாஹினே... சஜ்"னு ஒரு முனகல், வலப்பக்கம் பார்த்து வரிசைய நேராக்கச் சொல்ற பட்டாள ஆர்டர். பையன் சிரிச்சான். "சிரிக்காதடா, இவனுங்க நம்ம ஆளுங்க"ன்னாரு.

அப்புறம் அதுல ஒண்ணைத் தூக்கி, "தம்பி, இது மட்டும் எவ்வளவு?"ன்னாரு. வியாபாரி "ஒண்ணு ஆறாயிரம் சார், தனியாத் தர மாட்டேன்"னாரு. பெரியவர் அதை எடுத்த எடத்துலயே, அதே வரிசையில திருப்பி வெச்சாரு. "நல்லா வெச்சிருக்கீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அவரு வாசல் தாண்டினதும் நான் பேரம் பேசி அஞ்சையும் இருபத்திரெண்டாயிரத்துக்கு வாங்கிட்டேன். பையில போட்டு வெளிய வந்தா பஸ் ஸ்டாப்புல அவரும் பையனும் ஒரே குடையில நிக்கிறாங்க. என்னைப் பார்த்து அவரு தலையாட்டினாரு. நான் பையை அந்தப் பக்கம் மாத்திப் பிடிச்சுக்கிட்டேன். ஏன் மாத்தினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

கோத்தகிரியான்

ஈயக்குதிரை, இருபத்திரெண்டாயிரம் நியாயமான விலைதான், மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. என்னோடது வேற மாதிரி.

எஸ்டேட் பங்களா ஒண்ண காலி பண்றாங்கன்னு தகவல் வந்துச்சு. சாமானை எடுத்துக்கிட்ட பழைய சாமான் வியாபாரி எனக்குப் பழக்கம். "குதிரைப் பொம்மை இருக்கு, நீ வந்து பாரு, அப்புறம்தான் கீழ அனுப்புவேன்"னாரு. அடிச்சுப் பிடிச்சுப் போனேன். மர அலமாரி, கீழ்த் தட்டு, ஒரு பித்தளைத் தாம்பாளத்துல அஞ்சு குதிரை வீரங்க. குதிரை வீரங்கன்னா அஞ்சுதான் முழு செட்டு, நம்ம எல்லாருக்கும் தெரியும். மேல லேசா மாவு தூவின மாதிரி வெள்ளையா இருந்துச்சு. தூசுன்னு நெனச்சேன்.

முதல் குதிரையத் தூக்கினேன். உடம்பு கையோட வந்துச்சு. நாலு காலும் தாம்பாளத்துலயே நின்னுச்சு.

வியாபாரி பார்த்துட்டு, "வினிகர் போட்டுத் தொடச்சா வெள்ளை போயிடும்பா, கால ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்க"ன்னாரு. நான் ஒண்ணும் பேசல. அந்த நாலு காலும் நிக்கிறதையே பார்த்துக்கிட்டிருந்தேன். அஞ்சையும் முந்நூறு ரூபாய்க்குக் குடுத்தாரு. வாங்கி வந்து ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன், திறக்கிறதில்ல.

பழைய பெட்டி, ஊட்டி

கோத்தகிரியான், வினிகர்னு எவனாவது சொன்னா அவனை அங்கயே நிறுத்துங்க. அந்த வெள்ளை மாவுக்குக் காரணமே காத்துல இருக்கிற அசிட்டிக் அமிலம்தான். பச்சை மரம், புதுப் பிளைவுட், மட்ட ரகக் கோந்து, மலிவு அட்டைப் பெட்டி, இதுங்க விடுற ஆவி ஈயத்தை அரிச்சு ஈயக் கார்பனேட்டா மாத்துது. ஈரம் சேர்ந்தா வேலை இன்னும் வேகம். நம்ம மலையில ஈரத்துக்குப் பஞ்சமா? ஊட்டியில ஜூன், ஜூலை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர். துணியே காயாத ஊர்ல ஈயத்தை மூடின அலமாரியில வெச்சா வேற என்ன ஆகும்? வினிகர்ல இருக்கிறதே அசிட்டிக் அமிலம். தீயை அணைக்க மண்ணெண்ணெய் ஊத்துற கதை.

ஓக் மரம் கூடவே கூடாது, அதுதான் ரொம்ப மோசம். இரும்பு அலமாரி, பவுடர் கோட்டிங் போட்டது, கண்ணாடிக் கதவு, கதவுல கொஞ்சம் காத்துப் போக வழி. சிலிக்கா ஜெல் பை வெச்சா மாசம் ஒரு தடவ நல்லா சூடு காட்டிக் காய வைங்க, வெச்சுட்டு மறந்துட்டா அது வெறும் மணல். வெள்ளை பூத்தத தனியா எடுத்து வைங்க. முகத்துக்குத் துணி கட்டிக்கிட்டு, மெல்லிய பிரஷ்ல, ஈரமா தொடச்சு எடுங்க, ஊதாதீங்க. அது விஷம். கையக் கழுவாம எதையும் வாயில வைக்காதீங்க. போன வருஷச் சந்திப்புல ஒருத்தர் ஒரு கையில ஈயச் சிப்பாய், இன்னொரு கையில வர்க்கின்னு நின்னத என் கண்ணால பார்த்தேன். பேரு சொல்ல மாட்டேன், அவரும் இதைப் படிப்பாரு. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா பூட்டு போடுங்க. இங்கிலாந்துல இந்தச் சட்டதிட்டம் இறுகித்தான் 1966ல பிரிட்டன்ஸ் ஈயத்தையே நிறுத்தினாங்க.

என் அனுபவம்னு பெருசா ஒண்ணுமில்ல. ஒரு வியாபாரி எனக்கு மீதிக் காசு நூறு ரூபா தரணும், மூணு வருஷமா "அடுத்த சந்திப்புல"ங்கிறாரு.

மஞ்சூர் ரோடு

பழைய பெட்டி சார், ஓக் கூடாதுன்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க. போன தடவ நீங்க இப்படிச் சொல்லித்தான் எங்க மாமா தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக்ல செஞ்ச அலமாரிய அக்கம்பக்கத்துக்குத் தூக்கிக் குடுத்தாரு. சில்வர் ஓக் ஓக்கே கிடையாது. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த மரம், நிழலுக்கு நட்டது, பேருலதான் ஓக்.

சரி, என் கதை. ஊட்டியில மலர்க் கண்காட்சி சீசன்ல ஒரு ஆளு நாலு நாளைக்கு ரூம் போட்டு, தெரிஞ்சவங்கள மட்டும் கூப்பிட்டுச் சாமான் காட்டினாரு. கட்டில் மேல போர்வை விரிச்சு, அதுல சிவப்புப் பெட்டிங்க. ஹைலாண்டர்ஸ், அதான் ஸ்காட்லாந்துச் சிப்பாய்ங்க, எட்டுப் பேரு, பெட்டியில கட்டின நூலைக்கூட அவுக்கல. "ஒரு கர்னல் வீட்டுல இருந்து வந்தது"ன்னாரு. எப்பவுமே ஒரு கர்னல் வீடு இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? ஒரு ஹவில்தார் வீட்டுல இருந்து எதுவும் வந்ததே இல்ல.

பெட்டிக் காகிதம் அழகா பழுப்பேறி, ஓரம் மடங்கி இருந்துச்சு. எனக்குக் கை நடுங்குது. எட்டாயிரம்னு பேசி முடிச்சு, பர்ஸ எடுத்துட்டேன். எடுத்துட்டு, சும்மா ஒரு பழக்கத்துல, மூடிய மூக்குக்கிட்ட கொண்டுபோனேன்.

டீ வாசனை.

எங்க அம்மா முப்பது வருஷம் ஃபேக்டரியில வேலை பார்த்தாங்க, எனக்கு டீ தெரியாதா? டஸ்ட் டீ டிக்காஷன். காகிதத்தை அதுல நனைச்சுக் காயப் போட்டிருக்காரு. அதுக்கப்புறம்தான் சிப்பாய எடை போட்டுப் பார்த்தேன். கையில கல்லு மாதிரி கனம். பிரிட்டன்ஸ் உள்ள கூடு. உருக்கின ஈயத்தை அச்சுல ஊத்தி, ஓரம் இறுகினதும் நடுவுல இருக்கிறத திருப்பிக் கொட்டிடுவாங்க, 1893ல இருந்து அதுதானே அவங்க வித்தை. காத்து போற ஓட்டை எங்கயாவது ஒண்ணு இருக்கணும். இதுல ஒரு ஓட்டையும் இல்ல. அசல்ல இருந்து அச்சு எடுத்து வார்த்தது, ஒரு நூல் குட்டையா வேற இருந்துச்சு.

நான் "டீ நல்லா இருக்கு"ன்னேன். அவரு ஒரு செகண்டு முழிச்சுட்டு, "சொல்லவா சார் ரெண்டு?"ன்னு ரூம் பாய்க்குப் போன் போட்டாரு. டீயும் வந்துச்சு. குடிச்சுட்டுத்தான் வந்தேன். அவரு நெசமாவே புரியாம சொன்னாரா, நடிச்சாரான்னு இன்னும் ராத்திரி யோசிக்கிறேன்.

பழைய பெட்டி, ஊட்டி

சில்வர் ஓக் ஓக் இல்லைன்னு எனக்கும் தெரியும். எந்தப் பச்சை மரமும் ஆவி விடும், அதைத்தான் சொன்னேன். உங்க மாமா அலமாரியத் தூக்கிக் குடுத்ததுக்கு நான் பொறுப்பில்ல.

டீடெயில் அக்கா, கொடைக்கானல்

ஈயம் ஈயம்னு பேசுறவங்க நடுவுல பிளாஸ்டிக் சேர்க்கிறவ நான் ஒருத்தி. 1971ல வந்த பிரிட்டன்ஸோட டீடெயில் வரிசை, அடியில உலோகத் தட்டு வெச்சது. அதுக்கு முந்தின ஹெரால்டு பிளாஸ்டிக் வரிசையும் கொஞ்சம்.

குன்னூர்லதான், அதே மே மாசம். நானும் வீட்டுக்காரரும் ஒரு மேசைக்கிட்ட நிக்கிறோம். நான் ஒரு குதிரை வீரனை எடுத்து, அடித் தட்டைத் திருப்பிப் பார்த்து, "இது எந்த வருஷத்துத் தட்டு, பெயின்டு மாத்தியிருக்கா?"ன்னு கேட்டேன். வியாபாரி எங்க வீட்டுக்காரரப் பார்த்து பதில் சொன்னாரு. நான் ரெண்டாவது கேள்வி கேட்டேன். அதுக்கும் அவரப் பார்த்தே பதில். "சார், நீங்க எடுத்தா கொறச்சுத் தர்றேன் சார்"னாரு.

எங்க வீட்டுக்காரர் கையில காய்கறிப் பை. அவரு ரொம்ப அக்கறையா குனிஞ்சு பார்த்துட்டு, "இது குதிரையா, கழுதையா?"ன்னாரு.

அந்த வியாபாரி மூஞ்சி போன போக்கு! ஆனா அதுக்கப்புறமும் என்னைப் பார்க்கலங்க. பக்கத்து மேசைக்காரரப் பார்த்தாரு. நான் அந்தக் குதிரைய வாங்கல. அது எனக்கு வேண்டிய குதிரை, இன்னும் கெடைக்கல. அதுதான் எரிச்சல்.

ஏழு ரோடு

அக்கா, நீங்க வாங்கியிருக்கணும். வியாபாரி மேல கோவத்த குதிரை மேல காட்டலாமா? நான் சந்தைக்குப் போறப்பல்லாம் ஒரு விதி வெச்சிருக்கேன்: காலையில ஒரு சுத்து, எதையும் தொடாம. மத்தியானம் ஒரு சுத்து, கேட்டுப் பார்த்து. மூணு மணிக்கு மேல, அவங்க பேக் பண்ற நேரம் பார்த்து

டீடெயில் அக்கா, கொடைக்கானல்

கேட்டேனா தம்பி?

ஏழு ரோடு

சரிங்க அக்கா. என் கதைய மட்டும் சொல்றேன்.

கொடைக்கானல்ல எங்க நாலஞ்சு பேருக்குள்ள ஒரு பழக்கம், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ஒருத்தர் வீட்டுல கூடுவோம். அன்னிக்கு மதுரையில இருந்து ஒரு வியாபாரியும் வந்திருந்தாரு. ஒரு லைஃப் கார்ட்ஸ் (இங்கிலாந்து அரச காவல் குதிரைப்படை) வீரன், தலை மட்டும் சிரிக்கிற மாதிரி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. எங்கள்ல மூத்தவர் ஒருத்தர், மெட்ராஸ் மூர் மார்க்கெட் காலத்துல இருந்து சேர்க்கிறவர். 1985ல அது எரிஞ்சப்ப வீட்டுல துக்கம் மாதிரி ரெண்டு நாள் சாப்பிடலையாம். அவரு கட்டைவிரலால அந்தத் தலைய மெல்லத் திருகினாரு. கழண்டு வந்துச்சு. கழுத்துக்குள்ள தீக்குச்சி.

உலகம் பூரா பிள்ளைங்க அப்படித்தான் ஒட்ட வெச்சிருக்காங்க, புதுசில்ல. ஆனா இது நம்ம மெழுகுக் குச்சி. வெள்ளைத் தண்டு, கீழ வெட்டாம விட்ட துளி மருந்துகூட அப்படியே இருக்கு. "லண்டன் ஒடம்பு, சிவகாசிக் கழுத்து"ன்னாரு பெரியவர்.

வியாபாரி பதறிப்போய், "ஐயா, பாதி வெலைக்குக் குடுத்துடுறேன்"னாரு. பெரியவர் முழு வெலையவும் எண்ணி வெச்சாரு. எதுக்குன்னு கேட்டேன். "குச்சிக்கு"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. தலைய மறுபடி சொருகினப்ப நேரா வைக்கல, இருந்த அதே சாய்வுலயே வெச்சாரு.

மஞ்சூர் ரோடு

முழு வெலை குடுத்தது தப்பு. இப்ப அந்த மதுரைக்காரரு எல்லாத்துக்கும் தீக்குச்சி சொருகி எடுத்துட்டு வருவாரு பாருங்க.

கோத்தகிரியான்

ஈயக்குதிரை, ஒரு விஷயம். எங்கிட்ட மதராஸ் காலாட்படை மூணு இருக்கு, உங்க அஞ்சோட அதே வார்ப்புதான்னு நெனைக்கிறேன். உங்களுதக் குடுத்தீங்கன்னா எட்டு முழுசாயிடும். நல்ல வெலை தர்றேன், போட்டோ அனுப்பட்டுமா?

ஈயக்குதிரை, குன்னூர்

போட்டோ அனுப்புங்க, பார்க்கிறேன். ஆனா அஞ்சு இல்ல, நாலுதான். ஒண்ணுக்கு ஆள் இருக்கு. வெலிங்டன்ல பேரக்ஸ் பக்கம் டீக்கடையில ரெண்டு தடவ விசாரிச்சுட்டேன், மங்கிக் குல்லா சுபேதார்னா அங்க நாப்பது பேர் இருக்காங்க.

கோத்தகிரியான்

நாலுன்னா ஏழுதாங்க ஆகுது.

ஈயக்குதிரை, குன்னூர்

ஏழுதான்.