நானே கட்டிய கேம்பர் டிரெய்லர் 55 மைல் வேகத்தைத் தாண்டினால் வாலாட்டுகிறது – எங்கே தவறினேன்?

ஹாரோவாசி:

வணக்கம். போன ஐப்பசியில் தொடங்கிய வேலை, இந்தச் சித்திரையில்தான் முடிந்தது. எங்கள் சிறிய காரே இழுக்கும்படி கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு கேம்பர் டிரெய்லர் கட்டியிருக்கிறேன். முன்னால் இருவர் படுக்கும் அறை, பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. உடல் 3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம். சுவர் முழுவதும் 25 மில்லிமீட்டர் நுரைப்பலகை. அதன் இருபுறமும் 3 மில்லிமீட்டர் பிளைவுட் ஒட்டியது. ஒவ்வொரு பலகையையும் தூக்கிப் பார்த்து, எடை பார்த்துத்தான் சேர்த்தேன். சட்டகம், சக்கரம் எல்லாம் சேர்த்து 420 கிலோ. பிரேக் இல்லாத டிரெய்லர். காரின் எடை 1,240 கிலோ என்பதால் அதில் பாதியான 620 கிலோ வரை எனக்கு அனுமதி உண்டு.

கடந்த வெள்ளிக்கிழமை முதல் பயணம். வேல்ஸில் பாலா ஏரிக்கரைக்குப் போவதாக ஏற்பாடு. எம்40 சாலையில் ஸ்டோக்கன்சர்ச் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றை வெட்டிய பள்ளத்தின் வழியாகச் சாலை இறங்குமல்லவா, அங்கேதான் தொடங்கியது. 58 மைல் வேகம். ஒரு பெரிய பேருந்து வலப்பக்கம் முந்திச் சென்றது. அது கடந்த மறுகணம் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் பின்விளக்கு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகமாக வெளியே வந்தது. காரின் பின்பகுதியை யாரோ இடமும் வலமும் பிடித்துத் தள்ளுவதுபோல இருந்தது. பின்னிருக்கையில் என் ஒன்பது வயது மகன். காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். 45க்கு இறங்கியதும் அடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு சர்வீஸ் என்ற நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தி இறங்கியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டோம், 45ஐத் தாண்டவில்லை.

நோஸ் வெயிட், அதாவது டிரெய்லரின் மூக்கு காரின் கொக்கியை அழுத்தும் பாரம், 26 கிலோ என்று அளந்து வைத்திருக்கிறேன். அது சரியான அளவு என்றுதான் படித்தேன். அப்படியானால் அச்சைக் கோணலாகப் பொருத்திவிட்டேனா? டிரெய்லர் அளவுக்கு மீறி இலேசாகிவிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதில் மறுபடி என் பிள்ளையை ஏற்றுவதற்கு முன் காரணம் தெரிந்தாகவேண்டும்.

குரொய்டன் தம்பி:

அண்ணா, நல்லவேளை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் நண்பர் ஒருவருக்கும் இதே பிரச்சினை வந்தது. டிரெய்லரின் முன்பக்கம் 30 கிலோ மணல் மூட்டை ஒன்றைப் போட்டார், நின்றுவிட்டது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலைசரும் கடையில் கிடைக்கிறது.

பழைய வெல்டர்:

தம்பி, நாற்பது ஆண்டுகளாக டிரெய்லர் சட்டகம் ஒட்டுகிறவன் நான். மணல் மூட்டைக்கு முன் சில கேள்விகள்.

1. அந்த 26 கிலோவை எப்போது அளந்தீர்கள்? வெறும் டிரெய்லரிலா, பயணத்துக்குச் சாமான் ஏற்றிய பிறகா?
2. பேட்டரி, தண்ணீர், கூடாரம், அரிசி பருப்பு ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன? அச்சிலிருந்து எத்தனை மீட்டர்?
3. கொக்கியிலிருந்து அச்சு வரை எவ்வளவு தூரம்? இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் தனித்தனியாக அளந்து சொல்லுங்கள்.
4. நான்கு கார் டயரிலும் இரண்டு டிரெய்லர் டயரிலும் காற்று எவ்வளவு?

ஆட்டம் வந்தபோது நீங்கள் செய்ததுதான் சரி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாக இறங்க விடவேண்டும். பலர் பயத்தில் பிரேக்கை அழுத்தி மிதிப்பார்கள். பிரேக் இல்லாத டிரெய்லர் அப்போது காரைப் பின்னாலிருந்து தள்ளிக் குறுக்கே திருப்பிவிடும்.

ஹாரோவாசி:

ஐயா, உங்கள் முதல் கேள்வியைப் படித்ததுமே வயிற்றில் ஒரு கல் விழுந்ததுபோல இருந்தது. 26 கிலோ, வெறும் டிரெய்லரில் அளந்தது. ஏற்றிய பிறகு அளக்கவே இல்லை.

இன்று காலை அத்தனை சாமானையும் வெள்ளிக்கிழமை இருந்த இடத்திலேயே வைத்து மறுபடி அளந்தேன். குளியலறைத் தராசின் மேல், கொக்கி காரில் மாட்டும் உயரத்துக்கு வெட்டிய மரக்கட்டை ஒன்றை நிறுத்தி, சமதளத்தில், டிரெய்லர் மட்டமாக இருக்கும்படி இறக்கினேன். முள் அசைந்து நின்றது. கட்டையின் எடையைக் கழித்தால் மிஞ்சியது 6 கிலோ.

சாமான்கள்: 20 லிட்டர் தண்ணீர்க் கலம், கூடாரமும் நாற்காலிகளும் கட்டிய 14 கிலோ மூட்டை, பாத்திரமும் உணவும் 6 கிலோ. எல்லாம் சமையல் மேடைக்கு அடியில், அச்சுக்கு 1.3 மீட்டர் பின்னால். மெத்தை, போர்வை 20 கிலோ, கிட்டத்தட்ட அச்சுக்கு நேர் மேலே. பேட்டரி 24 கிலோ. அதுவும் சமையல் மேடைக்கு அடியில்தான், ஆனால் அது 420க்குள் அடக்கம்.

கொக்கியிலிருந்து அச்சு: இடம் 2.601 மீட்டர், வலம் 2.603 மீட்டர். காற்று: காரில் சரி. டிரெய்லரின் இடச் சக்கரத்தில் 36, வலச் சக்கரத்தில் 27.

பழைய வெல்டர்:

அச்சில் கோணல் இல்லை. இரண்டு மில்லிமீட்டர் ஒன்றும் செய்யாது. உங்கள் ஒட்டுவேலை நேராகவே இருக்கிறது, அந்தக் கவலையை விடுங்கள். வலச் சக்கரத்தில் காற்று ஏன் இறங்கியது என்று பாருங்கள். வால்வில் எச்சில் தொட்டு வைத்தாலே குமிழி காட்டிக்கொடுக்கும்.

மற்றபடி நோய் தெரிந்துவிட்டது. இங்கே பிரிட்டனில் ஏற்றிய எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் இருக்கவேண்டும் என்பது வழக்கம். உங்களுடையது 480 கிலோ. அதாவது 24 முதல் 34 கிலோ வரை. உங்களுக்கு இருந்தது 6. ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே.

கணக்கைப் பாருங்கள். ஒரு பொருள் அச்சுக்குப் பின்னால் இருந்தால், அதன் எடையை அச்சிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கி, கொக்கியிலிருந்து அச்சு வரையுள்ள தூரத்தால் வகுத்தால் வருவது கொக்கியில் குறையும் பாரம். உங்களுக்கு 1.3ஐ 2.6ஆல் வகுத்தால் பாதி. தண்ணீர் 20 கிலோ, கொக்கியில் 10 குறைந்தது. மூட்டையால் 7, பாத்திரத்தால் 3. மொத்தம் 20. 26இல் 20 போனால் 6. உங்கள் தராசு பொய் சொல்லவில்லை.

கொக்கி காரை அழுத்திக்கொண்டிருக்கும்வரை டிரெய்லரின் மூக்கு காருக்குக் கட்டுப்பட்டிருக்கும். அந்தப் பிடி தளர்ந்தால், பேருந்தின் காற்று ஒரு தட்டுத் தட்டினாலே வால் ஆடத் தொடங்கும். இறக்கத்தில் டிரெய்லர் காரை முட்டிக்கொண்டு வருவதால் இன்னும் மோசம். கண்ணீர்த்துளி டிரெய்லரை முதல்முறை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வடிவமே அப்படி: கனமான சமையலறை வாலில் இருக்கிறது, இலேசான படுக்கை முன்னால் இருக்கிறது.

பேட்டரியை முன்சுவர் ஓரமாக, அச்சுக்கு 1.3 மீட்டர் முன்னால் மாற்றுங்கள். 2.6 மீட்டர் நகர்கிறது. முழு 24 கிலோவும் கொக்கியில் ஏறும். 30 கிலோ ஆகிவிடும்.

டொராண்டோ மாமா:

இங்கே கனடாவிலும் அமெரிக்காவிலும் 10 முதல் 15 சதவீதம் வைப்பார்கள். தம்பி தாராளமாக 60, 70 கிலோ வரை போகலாமே.

பழைய வெல்டர்:

மாமா, அந்த அளவை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்குள்ள சிறிய கார்களின் இழுவைக் கொக்கி தாங்கும் பாரம் குறைவு. தம்பி, உங்கள் கார்க் கையேட்டிலும் கொக்கியின் தகட்டிலும் அந்த அளவு எழுதியிருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

ஹாரோவாசி:

கையேட்டில் 60 கிலோ. தகட்டில் 75.

லெஸ்டர் அக்கா:

நானும் என் கணவரும் இரண்டு டிரெய்லர் கட்டியவர்கள். முதலாவதில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள் தம்பி.

வெல்டர் ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் பேட்டரியை முன்கோடிக்குக் கொண்டுபோவதை நான் ஏற்கவில்லை. நாங்கள் அதைத்தான் செய்தோம். நோஸ் வெயிட் கச்சிதமாக வந்தது. ஆனாலும் காற்று அடித்தால் ஆட்டம் தொடங்கி, அடங்குவதற்கு நேரம் எடுத்தது. ஒரு நீளமான கம்பின் இரு நுனியிலும் கல்லைக் கட்டி, நடுவில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். ஆட்டினால் நிறுத்துவது கஷ்டம். அதே இரண்டு கல்லையும் நடுவில் கட்டினால் கை சொன்னபடி கேட்கும். எடை எவ்வளவு என்பது மட்டும் போதாது, எங்கே குவிந்திருக்கிறது என்பதும் வேண்டும். குரொய்டன் தம்பி சொன்ன மணல் மூட்டையிலும் இதே குறைதான், அதோடு வீண் பாரமும். ஏழு மாதம் கிராம் கிராமாகக் குறைத்துக் கட்டிய மனிதரிடம் 30 கிலோ மணலை ஏற்றச் சொல்லலாமா? ஸ்டெபிலைசர் ஆட்டத்தைக் கொஞ்சம் அமுக்கும். தவறான பாரம் அப்படியே இருக்கும்.

ஆகவே கனமானதையெல்லாம் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர்க் கலத்தைப் படுக்கைக்கு அடியில், அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். கொக்கியில் 10 கிலோ கூடும். அங்கே இருந்தால் தண்ணீர் நிறைந்திருந்தாலும் தீர்ந்துபோனாலும் நோஸ் வெயிட் மாறாது. பேட்டரியை அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால், அதுவும் படுக்கைக்கு அடியில் வையுங்கள். 1.6 மீட்டர் நகர்கிறது. 24ஐ 1.6ஆல் பெருக்கி 2.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15. ஆறும் பத்தும் பதினைந்தும் முப்பத்தொன்று. ஒரு கிலோகூட ஏற்றாமல் ஆறரைச் சதவீதம் வந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. அது ஈய-அமில பேட்டரி என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். நீங்கள் தூங்கும் இடத்துக்கு அடியில் அதைத் திறந்தபடி வைக்காதீர்கள். மூடிய பெட்டியில் வைத்து, பெட்டியின் மேற்பகுதியிலிருந்து ஒரு குழாயைச் சுவர் வழியே வெளியே விடுங்கள். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். பெட்டியைப் பட்டையால் இறுக்கிச் சட்டகத்தோடு கட்டுங்கள், பிளைவுட்டோடு கட்டாதீர்கள். 24 கிலோ, விபத்தில் பீரங்கிக் குண்டு மாதிரி.

பழைய வெல்டர்:

அக்கா சொல்வது என் யோசனையைவிட நல்லது. அதையே செய்யுங்கள் தம்பி. வேலை முடிந்ததும் கணக்கை நம்பிப் புறப்படாதீர்கள். அதே மரக்கட்டையை வைத்து, முழுச் சாமானோடு மறுபடி அளந்து பாருங்கள்.

குரொய்டன் தம்பி:

மணல் மூட்டையைச் சொன்னது தவறு என்று இப்போது புரிகிறது அக்கா. நண்பரிடமும் இதைக் காட்டுகிறேன். ஒரு சந்தேகம்: நானும் நுரைப்பலகையில் கட்ட நினைக்கிறேன். எந்தப் பசையால் ஒட்டினீர்கள் அண்ணா?

ஹாரோவாசி:

பாலியூரித்தேன் பசை. பலகையில் ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டுத் தடவினால் நுரைத்துப் பிடித்துக்கொள்ளும். மேலே செங்கல் அடுக்கி ஓர் இரவு விட்டேன். முதலில் தெரியாமல் ஸ்பிரே பசை ஒன்றை அடித்தேன். அதிலிருந்த கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிட்டது. கண்ணெதிரே பலகை சுருங்கி, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகப் போனது. ஃபைபர்கிளாஸ் போர்த்துவதாக இருந்தாலும் பாலியஸ்டர் ரெசின் வேண்டாம், எபோக்சிதான் வேண்டும். எதையும் முதலில் ஒரு துண்டில் தடவி, மறுநாள் பாருங்கள்.

ஹாரோவாசி (ஒன்பது நாள் கழித்து):

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி என்று சொன்னால் போதாது.

படுக்கைப் பலகையை அறுத்து இரண்டு மூடிகள் வைத்தேன். தண்ணீர் அச்சின் மேல். பேட்டரி அதற்குச் சற்று முன்னால், பெட்டிக்குள், வாயுக் குழாயோடு. சமையல் மேடைக்கு மின்கம்பி இப்போது நீண்டுவிட்டதால் தடித்த கம்பியாக மாற்றினேன். வலச் சக்கரத்தில் வால்வுதான் கசிந்தது, மாற்றியாயிற்று. முழுச் சாமானோடு தராசு காட்டியது 32 கிலோ. அக்காவின் கணக்கில் ஒரு கிலோதான் வித்தியாசம்.

இன்று அதிகாலை நான் மட்டும் போனேன். அதே எம்40, அதே இறக்கம். டிரெய்லரோடு சட்டப்படி 60 வரைதான் போகலாம். 50இல் தொடங்கி மெல்ல மெல்ல 58க்குக் கொண்டுவந்தேன். குன்றின் வெட்டுக்கு மேலே சிவப்புப் பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன; போன தடவை அவற்றைப் பார்க்கவே இல்லை. இரண்டு லாரிகள் அடுத்தடுத்து முந்தின. முதல் லாரியின் காற்று பட்டதும் டிரெய்லர் தோளைக் குலுக்குவதுபோல ஒருமுறை அசைந்தது, நின்றுவிட்டது. பக்கக் கண்ணாடியில் பின்விளக்கு தெரியவே இல்லை. அப்படியே ஆக்ஸ்ஃபோர்டு சர்வீஸுக்குப் போய், போன தடவை நிறுத்திய அதே வரிசையில் நிறுத்தி, மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூவரும் பாலாவுக்குப் போகிறோம். ஒரே ஒரு சிரமம்: தண்ணீர் ஊற்ற ஒவ்வொரு முறையும் மெத்தையின் மூலையைத் தூக்கவேண்டியிருக்கிறது.

லெஸ்டர் அக்கா:

மிகவும் சந்தோஷம் தம்பி. பக்கச் சுவரில் படகுகளுக்கு வைக்கும் தண்ணீர் மூடி ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்து கலத்துக்குக் குழாய் விடுங்கள். துளையிடும் இடத்தில் நுரையைச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் சுரண்டி எடுத்து எபோக்சியால் நிரப்பிவிட்டு, அது காய்ந்த பிறகு துளை போடுங்கள். இல்லையென்றால் மழைநீர் பிளைவுட்டுக்குள் இறங்கிவிடும். மெத்தையைத் தூக்கும்போது அடிப்புறம் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருவர் மூச்சு ஓர் இரவில் நிறைய நீர் விடும். ஈரம் தெரிந்தால் மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் அடித்துக் காற்று போக இடம் விடுங்கள். மூடியின் அளவு வேண்டுமானால் எங்களுடையதை அளந்து நாளை எழுதுகிறேன்.